கறுத்த வட்டம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஜெராக்ஸ் கடை. வேலைக்கு நான்.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய்.
ஆதார், ரேஷன் கார்டு, சாவுச் சான்றிதழ்:
யார் வீட்டுத் துக்கமும் என் கண்ணாடியில்
ஒரு நிமிடம் குப்புறப் படுத்திருக்கும்.

அக்காவின் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் நானேதான் எடுத்தேன்.
ஆறு காப்பி. பன்னிரண்டு ரூபாய்.

“கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?”
டாக்டரம்மா கேட்டதும்
குணவதி அக்கா விரல் விட்டாள்,
பந்திக்கு இலை எண்ணுகிற மாதிரி.
“எல்லாரும் ஒரு தடவை பார்த்துக்கட்டும்.
உங்க பொண்ணுக்கு இப்ப வேணாம். ஆனா மறந்துடாதீங்க.”

அன்று ராத்திரி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:
“சொத்துன்னு ஒண்ணும் இல்ல.
இதைத்தான் பிரிச்சுக் குடுக்கிறேன்.”
தெய்வானை மட்டும் சிரித்தாள்,
சிரித்துவிட்டு எழுந்துபோய்
குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

கூட்டமில்லாத மூன்று மணிக்குப் போன் போட்டேன்.
ஒரு லேப் அறிமுகக் கடிதம் கேட்டது.
இன்னொன்று, பேக்கேஜ் இருக்கு மேடம்,
தைராய்டும் விட்டமின் டியும் இலவசம் என்றது,
புடவையோடு பிளவுஸ் பிட் தருகிற குரலில்.
ரத்தத்தில் ஜீன் பார்க்க எவ்வளவு என்றேன்.
சொன்ன தொகையைக்
கெட்டுப்போன ஒரு காப்பியின் பின்பக்கம் எழுதி
இரண்டால் பெருக்கினேன்.
வெளியே கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
கடைசிப் பெட்டி தாண்டும்வரை
பெருக்கியது சரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாதி வந்தவளுக்குக் காப்பீட்டு அட்டை.
வந்திருக்கிறதா என்று பார்க்க
எந்தக் கவுண்டரில் போய் நிற்பது?

வழி கண்டுபிடித்தது அக்காதான்.
மூன்றாவது கீமோ, கையில் மருந்து இறங்கிக்கொண்டிருக்க,
பக்கத்துக் கட்டிலில் விசாரித்து,
நர்ஸிடம் விசாரித்து, தரை துடைக்க வந்தவளிடம் விசாரித்து:
செவ்வாய்க்கிழமை, பதினேழாம் அறை,
எட்டரைக்குள் டோக்கன், காசில்லை.
முக்காட்டை இறுக்கிக்கொண்டு
தானே வரிசையில் நின்று
இரண்டு சீட்டு வாங்கி வந்துவிட்டாள்.
திட்டினால், “எனக்கு அங்க பழக்கம்” என்கிறாள்.

பதினேழாம் அறையில் ஒரு சின்னப் பெண்
பென்சிலால் எங்கள் குடும்பத்தை வரைந்தாள்.
பொம்பளைக்கு வட்டம், ஆம்பளைக்குக் கட்டம்,
செத்தவருக்குக் குறுக்கே கோடு.
வியாதிக்கு, உள்ளே கறுப்பு.
“அப்பா கூடப் பிறந்தவங்க?”
ராயபுரத்து அத்தை. மாரில் கட்டி.
கண்ணேறு என்றார்கள். பத்துப் போட்டார்கள்.
“அப்ப என்ன வயசு?”
நாற்பது இருக்கும். ஒரு போட்டோ கூட இல்லை.
பென்சில் அந்த வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வர
முப்பது வருசம் கழித்து
அத்தைக்கு என்ன என்று எங்களுக்குத் தெரிந்தது.

“இது அப்பா வழியாவும் வரலாம். தம்பியும் வரணும்.”

ஏழுமலை, பொம்பளைங்க சமாச்சாரம், என்னை எதுக்கு என்றான்.
உனக்கு ரெண்டு பொண்ணுடா என்றேன்.
அந்தப் பக்கம் கண்டெய்னர் லாரியின் ஹாரன்.
ரொம்ப நேரம்.
அப்புறம், “செவ்வாக்கிழமையா?”

தட்டு ஜில்லென்று இருந்தது.
இத்தனை வருசம் மற்றவர்களை வைத்து
மூடியை அழுத்தியவள் நான்.
இப்போது என்னை.
“மூச்சைப் பிடிங்க” என்றாள். பிடித்தேன்.
விடச் சொன்ன பிறகும் கொஞ்சம் பிடித்திருந்தேன்.

ரிசல்ட் அடுத்த வாரம்.

அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி வந்தேன்.
பென்சில் கோடு காப்பியில் விழவில்லை.
அழுத்தத்தைக் கூட்டிப் போட்டேன்.
அத்தையும் அக்காவும் கறுகறுவென்று வந்தார்கள்,
நாங்கள் வெறும் வளையமாக.
ஆளுக்கொன்று நாலு.
அஞ்சாவது அக்கா மகள் மோனிஷாவுக்கு.
பதினாறு வயசு; லேமினேட் பண்ணிவைத்தால்
அவள் கேட்கும்வரை தாங்கும்.

முதலாளி எட்டிப் பார்த்தார்.
“என்னம்மா, வீட்டு பிளானா?”
ஆமாங்க என்றேன்.
பத்து ரூபாயைக் கல்லாவில் போட்டேன்.